மூட்டுவலியில யாராவது சாவாங்களா? ஒரு நீண்ட இழை



ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு நைட் டியூட்டி. விடியற்காலை நாலு மணி இருக்கும். 52 வயது அம்மா ஒருத்தரை நெஞ்சுவலின்னு 108-ல் கொண்டு வந்தாங்க. ஈசிஜி எடுத்தோம். பெரிய ஹார்ட் அட்டாக். மருந்து ஏத்திட்டு இருக்கும்போதே இதயம் நின்னுடுச்சு. 40 நிமிஷம் சிபிஆர் கொடுத்தோம். திரும்ப வரலை.

வெளியே வந்து மகனிடம் சொன்னேன். அழலை, சண்டை போடலை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், எங்கம்மாவுக்கு சுகர் கிடையாது, பிரஷர் கிடையாது. கொலஸ்ட்ரால் போன வருஷம்தான் பார்த்தோம், நார்மல்னு சொன்னாங்க. வெறும் மூட்டுவலிதான் சார். அதுல யாராவது சாவாங்களா?"

ஊசி போட நரம்பு தேடும்போதே அந்த அம்மாவின் கையைப் பார்த்திருந்தேன். விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ஞ்சு, மணிக்கட்டு தடிச்சுப் போயிருந்தது. நம்ம ஊர்ல சரவாங்கின்னு சொல்லுவாங்க. புத்தகத் தமிழில் முடக்குவாதம். மருத்துவத்தில் ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ். 14 வருஷமா இருந்திருக்கு.

அந்த மகனுக்கு நான் ஒழுங்கான பதில் சொல்லலை. "திடீர்னு வர்றதுதான் தம்பி"ன்னு தோளைத் தட்டிட்டு, இறப்புக் காரணச் சான்று எழுத உட்கார்ந்துட்டேன். ஃபார்ம் 4. முதல் பகுதியில் மாரடைப்பு. இரண்டாவது பகுதியில், "மரணத்துக்குத் துணை போன மற்ற நோய்கள்" என்ற இடத்தை, காலியா விட்டுட்டேன். காலை ஓபிக்கு ஆள் காத்திருந்தாங்க.

அந்தக் காலி இடம்தான் இந்த இழை. நான் வெறும் எம்.பி.பி.எஸ்., வாதநோய் நிபுணர் இல்லை. அந்தக் கேள்விக்கு அப்புறம் தேடித் தேடிப் படிச்சதை எழுதுறேன். தப்பு இருந்தா சீனியர்கள் திருத்துங்க.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். வயசானவங்களுக்கு முழங்கால் தேய்றது வேற நோய். அது மூட்டோட தேய்மானம். சரவாங்கி அப்படி இல்லை. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலமே நம்ம மூட்டுச் சவ்வைத் தாக்குது. விரல் கணு, மணிக்கட்டு மாதிரி சின்ன மூட்டுகள் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கும். காலையில் எழுந்தா ஒரு மணி நேரத்துக்குக் கையை மடக்க முடியாது. ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். முப்பது, நாற்பது வயசுலயே வரலாம்.

சரி, பாரிஸுக்குப் போவோம்.

1800-ம் வருஷம். சால்பெட்ரியேர்னு ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஒரு காலத்தில் வெடிமருந்து தயாரிச்ச இடம். போக்கிடம் இல்லாத ஏழைப் பெண்களை ஆயிரக்கணக்கில் அடைச்சு வெச்சிருந்தாங்க. அங்கே வேலை பார்த்த 28 வயது டாக்டர் லாண்ட்ரே-போவே ஒரு ஆய்வேடு எழுதுறார். அந்தக் காலத்தில் மூட்டு வீங்கினா கௌட் என்பார்கள். கௌட் என்பது நல்லா சாப்பிட்டு, நல்லா குடிக்கிற பணக்கார ஆண்களின் வியாதி. இவர் பார்த்த ஒன்பது பேரும் பெண்கள், ஏழைகள், எலும்பும் தோலுமா இருந்தவங்க. "இது வேற மாதிரி கௌட்"னு சொல்லி, பலவீனத்தைக் குறிக்கும் "அஸ்தெனிக்" என்ற சொல்லைச் சேர்த்துப் பேர் வெச்சார். பேர் தப்பு. பார்வை சரி. இந்த நோயாளிகள் வலியோடு மட்டும் இல்லை, உடம்பே உருகிப் போறாங்க என்று முதல் ஆவணத்திலேயே பதிவாயிடுச்சு.

(ஒரு கொசுறு: நம்ம ஃபார்ம் 4-ல் "அஸ்தெனியா போன்றவற்றை மரணக் காரணமா எழுதாதீங்க"ன்னு அச்சடிச்சே இருக்கும்.)

"ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்" என்ற பேரை வெச்சவர் லண்டன் டாக்டர் ஆல்ஃபிரட் காரட், 1859-ல். ரத்தத்தை எடுத்து அதில் ஒரு நூலைப் போட்டு வைப்பார். கௌட் நோயாளியின் ரத்தமா இருந்தா நூலில் யூரிக் அமிலப் படிகம் ஒட்டும். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஒட்டலை. ஒரு துண்டு நூலை வெச்சு இரண்டு நோயைப் பிரிச்ச மனுஷன். லேப் ரிப்போர்ட் வரலைன்னு புலம்புற எனக்கெல்லாம் பொறாமையா இருக்கு.

ஆனா இந்தப் பேர் ஒரு கெடுதலும் செஞ்சது. "ஆர்த்ரைட்டிஸ்" என்றால் மூட்டு அழற்சி. பேரிலேயே மூட்டுன்னு இருக்கிறதால, டாக்டர்கள் அடுத்த நூறு வருஷம் மூட்டை மட்டுமே பார்த்தாங்க.

அந்த நூறு வருஷத்தில் இந்த நோயோடு வாழ்ந்தவர்களில் ஒருத்தரை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பிரெஞ்சு ஓவியர் ரென்வார். 50 வயசு வாக்கில் நோய் ஆரம்பிச்சது. குளிர் ஒத்துக்காம தெற்கே மத்தியத் தரைக்கடல் ஓரத்துக்குக் குடி போனார். 1904-ல் எடை 50 கிலோவுக்கும் கீழே போயிடுச்சு. 1912-க்கு அப்புறம் சக்கர நாற்காலி. மடங்கிப்போன விரல் நகம் உள்ளங்கையைக் கிழிக்கக்கூடாதுன்னு துணி சுத்தியிருப்பாங்க. தூரிகையை யாராவது கையில் செருகிவிடணும். 1915-ல் எடுத்த ஒரு மௌனப் படத் துண்டு இருக்கு, பாருங்க. அந்தக் கையோட வரைஞ்சுட்டே இருக்கார். வாயில் சிகரெட். புகைப்பழக்கம் இந்த நோயைத் தூண்டி மோசமாக்கும் என்று பின்னாடி தெரிய வந்தது. அவர் காலத்தில் யாருக்குத் தெரியும்?

1919 டிசம்பர் 3, தன் 78-வது வயசில் இறந்தார். நுரையீரல் நோய்த்தொற்று. அவரைப் பற்றிப் பேசுறவங்க எல்லாரும் விரல்களைப் பேசுவாங்க. கடைசியில் கொண்டுபோனது நுரையீரல் என்பதை யாரும் பெருசா சொல்றதில்லை. அவர் வயசுக்கு நிமோனியா யாருக்கும் வரலாம் என்பது உண்மைதான். ஆனா 25 வருஷத்துக்கு மேல் அழற்சி தின்ற உடம்பில் நிமோனியா வருவது வேற கதை.

இனி 1948. இந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனிங்க, நாலு விஷயம் நடந்தது.

ஒண்ணு. இங்கிலாந்தில் எல்மன், பால் என்று இரண்டு டாக்டர்கள், மூட்டோடு சேர்ந்து நுரையீரலும் கெட்டுப்போன நோயாளிகளைப் பற்றி எழுதினாங்க. "இதை ஆர்த்ரைட்டிஸ்னு சொல்லாதீங்க, ருமடாய்டு நோய்னு சொல்லுங்க, இது உடம்பு முழுக்க பரவுற நோய்" என்பது அவங்க வாதம். நூறு வருஷத் தப்பை ஒரு கட்டுரையில் சுட்டிக்காட்டிட்டாங்க. பேர் மட்டும் இன்னைக்கு வரைக்கும் மாறலை.

இரண்டு. அதே வருஷம் உலக சுகாதார நிறுவனம் நோய்களின் உலகப் பட்டியலின் ஆறாவது பதிப்பை ஏத்துக்கிட்டது. மரணச் சான்று எப்படி எழுதணும்னு உலகம் முழுக்க ஒரே படிவம் வந்தது. ஃபார்ம் 4-க்கு அதுதான் பாட்டி. விதி என்ன? ஒரு மரணத்துக்கு ஒரே ஒரு அடிப்படைக் காரணம்தான் கணக்கில் ஏறும். காலரா, காசநோய், விபத்து இதுக்கெல்லாம் அருமையான விதி. சரவாங்கி மாதிரி நோய்க்கு? இதயத்தில் போய் கொன்னா இதய நோய்க் கணக்கு. நுரையீரலில் கொன்னா நிமோனியா கணக்கு. சிறுநீரகத்தில் அமிலாய்டு படிஞ்சு கொன்னா கிட்னி கணக்கு. சரவாங்கியின் கணக்கில் கிட்டத்தட்ட எதுவும் ஏறாது. கொலைகாரன் ஒவ்வொரு வீட்டுக்கும் வேற வேற சட்டை போட்டுப் போயிருக்கான், நாங்க சட்டையை மட்டும் எழுதி வெச்சுக்கிட்டு இருந்தோம்.

மூணு. 1948 செப்டம்பர் 21. அமெரிக்காவின் ராச்செஸ்டர், மேயோ கிளினிக். ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர், படுத்த படுக்கையா கிடந்த 29 வயசுப் பெண்ணுக்கு ஒரு புது ஊசி போடுறார். "காம்பவுண்ட் ஈ". நாலைந்து நாளில் அந்தப் பெண் எழுந்து நடக்குறாங்க, கடைத்தெருவுக்குப் போறாங்க. இதுதான் கார்டிசோன். நமக்குத் தெரிஞ்ச ஸ்டீராய்டு. மஞ்சள் காமாலை வந்தாலோ கர்ப்பமானாலோ இந்த நோய் தானா அடங்குது என்பதை 1929-லிருந்து கவனிச்சு, உடம்புக்குள்ளேயே ஏதோ மருந்து சுரக்குதுன்னு ஹென்ச் சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்தார். 1950-ல் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவரோடு சேர்த்து நோபல் கிடைச்சது. வேகமான நோபல்.

ஆனா கொஞ்ச நாளிலேயே தெரிஞ்சது, அதிக அளவில் நீண்ட நாள் கொடுத்தா முகம் வீங்குது, எலும்பு பொடியாகுது, சர்க்கரை ஏறுது, கிருமி உள்ளே புகுந்தா கேட்க ஆளில்லை. நோய் கொல்றதோட மருந்தும் சேர்ந்துக்கிச்சு. இது பழங்கதை இல்லை. "மூட்டுவலிக்கு நல்ல பொடி, மூணே நாள்ல கேக்கும்"னு வாங்கிச் சாப்பிட்டு, நிலா மாதிரி வீங்கின முகத்தோட என் ஓபிக்கு இப்பவும் வர்றாங்க. மூணே நாள்ல கேட்டா அதுக்குள்ள என்ன கலந்திருக்கும்னு 1948-லேயே ஹென்ச் காட்டிட்டார். அதைத் திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து. சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க உடம்பு மறந்துபோயிருக்கும், பிரஷர் விழுந்து உயிரே போகலாம்.

நாலாவது விஷயம் நம்ம வீட்டுக் கதை. 1948 ஆகஸ்டில், ஹென்ச்சின் ஊசிக்குச் சில வாரம் முன்னாடி, நியூயார்க்கில் 53 வயசில் ஒருத்தர் தூக்கத்திலேயே இறந்துபோனார். எல்லப்பிரகத சுப்பாராவ். பீமவரத்துக்காரர், படிச்சது நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். காந்தி சொன்னார்னு அறுவை சிகிச்சை அறையிலும் கதர் போட்டுக்கிட்டுப் போனவர். அது பேராசிரியருக்குப் பிடிக்கலை. நல்லா எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கலை, ஒரு படி கீழே எல்.எம்.எஸ். கொடுத்து அனுப்பிட்டாங்க. அமெரிக்கா போய், லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையா தயாரிச்சாங்க. அடுத்து அந்த ஃபோலிக் அமிலத்தையே ஏமாத்தித் தடுக்கிற மருந்துகள். அமினோப்டெரின், அப்புறம் மெதோட்ரெக்சேட். சிட்னி ஃபார்பர் அதே 1948-ல் அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பெயர் வாங்கினார்.

எம்.பி.பி.எஸ். கிடைக்காத மனுஷனோட மருந்தை எழுதித்தான் நான் எம்.பி.பி.எஸ். டாக்டர்னு உட்கார்ந்திருக்கேன்.

இந்த வகை மருந்து சரவாங்கிக்கும் வேலை செய்யும் என்பது 1951-லேயே தெரியும். குப்னர் என்பவர் அமினோப்டெரினைக் கொடுத்துப் பார்த்து, வீக்கம் குறையுதுன்னு எழுதினார். யாரும் கண்டுக்கலை. எல்லார் கண்ணும் கார்டிசோன் மேல். ஒழுங்கான பரிசோதனை முடிவுகள் வர 1985 ஆச்சு, அமெரிக்காவில் இந்த நோய்க்கு மெதோட்ரெக்சேட்டுக்கு அனுமதி கிடைக்க 1988 ஆச்சு. 37 வருஷம்!

ஏன் இவ்வளவு தாமதம்? புற்றுநோய் மருந்தைப் "போயும் போயும் மூட்டுவலிக்கு"க் கொடுக்கணுமா என்ற தயக்கம். அதாவது இந்த நோய் கொல்லாது என்ற நம்பிக்கை. அந்த மகனுக்கு இருந்த அதே நம்பிக்கை, பெரிய பெரிய டாக்டர்களுக்கும் இருந்தது.

ஆதாரம் இல்லாம இல்லை. 1953-லேயே பாஸ்டனில் காப், ஆண்டர்சன், பவர் என்ற மூணு பேர் 583 நோயாளிகளைப் பின்தொடர்ந்து கணக்கு போட்டாங்க. ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு 18.9 மரணம் இருக்க வேண்டிய இடத்தில் 24.4 இருந்தது. அச்சில் வந்தது, படிச்சாங்க, மறந்தாங்க. சிகிச்சை முறை பிரமிடுன்னு பேர் வாங்கி அப்படியே ஓடுச்சு. அடியில் ஓய்வு, ஆஸ்பிரின். தாங்கலைன்னா அதுக்கு மேலே தங்க ஊசி. ஆமா, நிஜத் தங்கம்தான். சரவாங்கியும் காசநோய் மாதிரி ஒரு தொற்றுன்னு நினைச்சு, காசநோய்க்குப் போட்ட தங்க உப்பை 1929-ல் ஃபோரெஸ்டியே இதுக்குப் போட்டார். காரணம் தப்பு, மருந்து ஓரளவு வேலை செஞ்சது. வலுவான மருந்தெல்லாம் பிரமிடு உச்சியில். அங்கே ஏறி வர்றதுக்குள்ள பல வருஷம், மூட்டும் போயிருக்கும்.

இந்தத் தூக்கத்தைக் கலைச்சவர் தியோடர் பின்கஸ். அமெரிக்காவில் நாஷ்வில். 1984-ல் வெளிவந்த இவருடைய ஆய்வு ரொம்பச் சின்னது, மொத்தமே 75 நோயாளிகள், ஒன்பது வருஷம். அதில் 20 பேர் இறந்துட்டாங்க. நோய் முற்றினவங்களின் ஆயுள், மூணு இதய ரத்தக்குழாயும் அடைச்சவங்க அளவுக்குக் குறைவுன்னு சொன்னார். வாதநோய் டாக்டர்களுக்கே அதிர்ச்சி.

எனக்குப் பிடிச்சது அவர் அளந்த விதம். சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழட்ட எவ்வளவு நேரம் ஆகுது? கொஞ்ச தூரம் நடக்க எத்தனை நொடி? "நீங்களே துணி உடுத்திக்குவீங்களா, டம்ளரைத் தூக்குவீங்களா?" என்று ஒரு கேள்வித்தாள். எக்ஸ்ரேயை விட, ரத்தப் பரிசோதனையை விட, இந்தப் பொத்தான் சமாசாரம்தான் யார் சீக்கிரம் சாவாங்க என்பதைச் சரியாச் சொன்னது. பத்து பைசா செலவில்லை. தாலுகா ஆஸ்பத்திரியில் நாளைக்கே பண்ணலாம்.

அவர் இன்னொண்ணும் கவனிச்சார். குறைவா படிச்ச நோயாளிகள் அதிகமா இறந்தாங்க. வயசு, நோயின் கடுமை என்று என்ன காரணம் காட்டினாலும் முழுசா விளங்காத வித்தியாசம். இதைப் படிச்சப்போ 1800-ல் பாரிஸில் கிடந்த அந்த ஒன்பது பெண்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தாங்க. நம்ம ஊர்ல இதுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. கை வீங்கினதோட நூறு நாள் வேலைக்குப் போய், கணவனுக்குச் சொல்லாம, மெடிக்கல் ஷாப்பில் இரண்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு, மூணாவது வருஷம் எங்ககிட்ட வர்றாங்க. வெறும் வயித்தில் போட்ட வலி மாத்திரையால் ரத்த வாந்தி எடுத்து வர்றவங்களும் உண்டு. அதுவும் இந்த நோயின் மரணக் கணக்கில் சேர வேண்டியதுதான், சேராது.

1994-ல் வுல்ஃப் என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்கா, கனடாவில் நாலு இடத்தில் 3501 பேரைச் சேர்த்துப் பார்த்தாங்க. 922 மரணம். அதே வயசுள்ள மத்தவங்களை விட இரண்டு மடங்குக்கும் மேல். அதுக்கப்புறம் யாரும் "கொல்லாத நோய்"னு பேசலை.

எதில் இறக்குறாங்க? இப்போ மகனோட கேள்விக்கு வர்றேன்.

முதல் இடம் இதயம். அமெரிக்க நர்ஸ்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. 2003-ல் அதிலிருந்து வந்த முடிவு: சரவாங்கி உள்ள பெண்ணுக்கு மாரடைப்பு வாய்ப்பு இரண்டு மடங்கு. நோய் வந்து பத்து வருஷம் தாண்டினா மூணு மடங்கு. காரணம் எளிமையானதுதான். மூட்டில் எரியுற அழற்சி மூட்டோட நிக்காது. அதே ரசாயனங்கள் ரத்தத்தில் ஓடுது, ரத்தக்குழாய்ச் சுவரையும் அரிக்குது. கொழுப்புப் படிவம் சீக்கிரம் சேருது, சீக்கிரம் வெடிக்குது.

கொலஸ்ட்ரால் நார்மல்னு சொன்னாரே? அதுதான் இதில் இருக்கிற வஞ்சனை. அழற்சி அதிகமா இருக்கும்போது ரத்தக் கொலஸ்ட்ரால் குறைவாத்தான் காட்டும். ரிப்போர்ட்டைப் பார்த்து நாங்களும் "நல்லா இருக்கும்மா"ன்னு அனுப்பிடுவோம். அதனாலதான் ஐரோப்பிய வாதநோய் கூட்டமைப்பு, சாதாரணமா போடுற இதய ஆபத்துக் கணக்கை இந்த நோயாளிகளுக்கு 1.5-ஆல் பெருக்கச் சொல்லுது.

வலியும் ஏமாத்தும். ஹென்ச் ஊசி போட்ட அதே ராச்செஸ்டர் வட்டாரத்தில் 2005-ல் பார்த்தாங்க. இந்த நோயாளிகள் நெஞ்சுவலின்னு சொல்றது குறைவு. ஆனா தெரியாமலே மாரடைப்பு வந்து போன தழும்பு ஈசிஜியில் அதிகம். திடீர் மரணமும் அதிகம். தினமும் வலியோட வாழுறவங்க இன்னொரு வலியை எங்கே தனியா கவனிக்கப் போறாங்க?

அடுத்தது நோய்த்தொற்று, அதுக்கப்புறம் நுரையீரல் தழும்பாகி இறுகிப் போறது. வறட்டு இருமல், படியேறினா மூச்சு வாங்குது என்றால் அதை மூட்டு டாக்டரிடமும் சொல்லணும். லிம்ஃபோமா என்ற ரத்தப் புற்றும் கொஞ்சம் அதிகம். ரொம்ப காலம் மருந்து மேல்தான் பழி இருந்தது. 2006-ல் ஸ்வீடன் ஆய்வு, கட்டுப்படாத அழற்சிதான் முக்கியக் குற்றவாளின்னு காட்டுச்சு. மருந்துக்குப் பயந்து நிறுத்துறவங்க இதைக் கேட்டுக்கணும்.

அதிகம் பேசப்படாத ஒண்ணு கழுத்து. தலையைத் தாங்குற முதல் இரண்டு எலும்புக்கு நடுவிலும் மூட்டுதானே இருக்கு? அதையும் இந்த நோய் தளர்த்திடும். 1975-ல் ஸ்வீடனில் வெளிவந்த ஆய்வில், இந்த நோயோட இறந்த 104 பேரின் உடற்கூறாய்வில் 11 பேருக்கு எலும்பு நழுவித் தண்டுவடம் நெருக்கப்பட்டிருந்தது. சிலர் திடீர்னு இறந்தவங்க. எந்த ஆபரேஷனா இருந்தாலும், மயக்க மருந்து டாக்டரிடம் "எனக்குச் சரவாங்கி இருக்கு"ன்னு தவறாமச் சொல்லுங்க. குழாய் போட கழுத்தை எப்படி வளைக்கிறாங்க என்பது அந்த ஒரு வார்த்தையில் மாறும்.

இப்போ சுப்பாராவிடம் திரும்புவோம். 2002-ல் ஒரு ஆய்வு வந்தது. கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் 1240 நோயாளிகள். மெதோட்ரெக்சேட் எடுத்தவங்களிடம் மரணம் 60 சதவீதம் குறைவு. இதய மரணம் 70 சதவீதம் குறைவு. இது சீட்டு குலுக்கிப் போட்டுப் பிரிச்ச பரிசோதனை இல்லை, பின்தொடர்ந்து பார்த்த கணக்கு, அதனால் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்துத்தான் படிக்கணும். கொடுத்தாலும் பெரிய எண். மூட்டுக்குக் கொடுத்த மாத்திரை இதயத்தைக் காப்பாத்துது. எல்மனும் பாலும் 1948-ல் சொன்னது இதுதானே!

புது ஊசிகளின் கதை தனி இழைக்கே வரும், சுருக்கமாச் சொல்றேன். 1992-ல் லண்டன் சேரிங் கிராஸில், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசியைப் போட்டுக் காட்டினாங்க. நோய் அடங்குச்சு. 2001-ல் எச்சரிக்கை வந்தது: ஊசி போட்ட 70 பேருக்குக் காசநோய். உள்ளே தூங்கிட்டு இருந்த கிருமியைக் காவல் காத்ததே அந்த டிஎன்எஃப்தான். காசநோய் குறைவான நாடுகளிலேயே இப்படின்னா நம்ம நிலைமை புரியும். அதனாலதான் ஊசிக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே, டிபி டெஸ்ட் என்று அலைய விடுறாங்க. கோபப்படாதீங்க.

மெதோட்ரெக்சேட் பற்றி ஒண்ணு சொல்லாம முடிக்கக் கூடாது. அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. ஒரே நாள். தினமும் போட்டுக்கிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளணு அழிஞ்சு வந்தவங்களை நான் பார்த்திருக்கேன். எல்லாரையும் காப்பாத்த முடியலை. அந்த மரணமும் சான்றில் "செப்சிஸ்"னுதான் போகும். கூடவே கொடுக்கிற ஃபோலிக் அமில மாத்திரை வேற நாளைக்கு. சுப்பாராவ் ஆய்வகத்தில் இருந்தே இரண்டும், ஒண்ணு நோயைத் தடுக்க, இன்னொண்ணு முதல் மாத்திரையின் பக்கவிளைவைத் தடுக்க. கர்ப்பம் திட்டமிடுறவங்களுக்கு இந்த மருந்து கூடவே கூடாது. ஈரல், ரத்த அணு டெஸ்ட் சொன்ன தேதியில் எடுக்கணும். சாராயம் வேண்டாம்.

அந்த மகன் இரண்டு மாசம் முன்னால் திரும்ப வந்தார். இறப்புச் சான்று விஷயமா வேற ஏதோ கையெழுத்துக்கு. அப்போதான் உட்கார வெச்சு இதையெல்லாம் சொன்னேன். இரண்டாவது பகுதியை நான் காலியா விட்டதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "சார், அக்காவுக்கும் காலையில கை மடக்க முடியலைங்கிறா. மூணு மாசமா"ன்னார்.

மறுநாளே கூட்டிட்டு வரச் சொன்னேன். 33 வயசு, இரண்டு குழந்தைக்கு அப்புறம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிஞ்சவங்க. இரண்டு கையிலும் விரல் கணு வீக்கம். ரத்தம் எடுத்து, கடிதம் எழுதி மெடிக்கல் காலேஜ் வாதநோய்ப் பிரிவுக்கு அனுப்பினேன். நிபுணர் பார்த்து மெதோட்ரெக்சேட் ஆரம்பிச்சுட்டார்.

போன வாரம் மாத்திரை வாங்க எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. சட்டைப் பொத்தான் டெஸ்ட் செஞ்சு பார்த்தேன், பரவாயில்லை. பிரஷர் பார்த்து எழுதினேன், ஈசிஜி ஒண்ணு எடுத்து நோட்டில் ஒட்டினேன். எந்தக் கிழமை மாத்திரைன்னு கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை சார். அன்னைக்குத்தான் எல்லாரும் வீட்டுல இருப்பாங்க, யாராவது ஞாபகப்படுத்துவாங்க."

சீட்டில் "ஞாயிறு மட்டும்"னு பெருசா எழுதி, சிவப்புப் பேனாவில் கட்டம் போட்டுக் கொடுத்தேன்.